எடை மேடையில் மூன்று புரோகிராம்கள்: அவற்றைப் பேச வைக்கும் சிஸ்டம் கால்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போகிற சாலையில் ஒரு எடை மேடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேங்காய், இளநீர், எம்-சாண்ட் என்று எல்லை கடக்கும் லாரிகள் ஏறி இறங்குகின்றன. அறைக்குள் லினக்ஸ் போட்ட ஒரே கணினி, அதில் மூன்று புரோகிராம்கள். இன்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக வரும் எடையைப் படிப்பது ஒன்று. அதை ‘வாசிப்பு’ என்போம். தமிழிலும் மலையாளத்திலும் ரசீது அடிப்பது ‘சீட்டு’. லோடு எடை, காலி எடை, நெட் எல்லாவற்றையும் டேட்டாபேஸில் எழுதுவது ‘கணக்கு’.

ஒரே புரோகிராமாக எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படி எழுதினால், பிரிண்டரில் பேப்பர் சிக்கும்போது எடை வாசிப்பும் சேர்ந்து நிற்கும். பிரித்து வைத்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். ஆனால் பிரித்த கணமே ஒரு புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) மெமரி இன்னொன்றுக்குத் தெரியாமல் போகிறது. எதைச் சொல்வதானாலும் எல்லாப் புரோகிராம்களையும் நிர்வகிக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழியாகத்தான் சொல்ல வேண்டும். கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்புதான் சிஸ்டம் கால்.

அதற்குப் பைப், ஷேர்டு மெமரி, மெசேஜ் கியூ, சாக்கெட் எனப் பல வழிகள் உண்டு. புதிதாக எழுதுபவர்கள் எது வேகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாளைக்குச் சில நூறு லாரி ஏறும் இடத்தில் வேகம் ஒரு பொருட்டே அல்ல. எதிர்முனையில் இருப்பவர் நின்றுபோனால் என்ன ஆகும், செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். கீழே ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறோம்.

பைப்: திறப்பது எளிது, மூடுவதில்தான் வேலை

‘வாசிப்பு’ தானே ‘சீட்டை’ப் பெற்றெடுத்து எடையை அனுப்புகிறது என்றால் பைப் போதும்; ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் அதே வரிசையில் படிக்கும் ஒருவழிக் குழாய் அது. வரிசை முக்கியம். முதலில் பைப், அதன் பிறகுதான் ஃபோர்க் (தன்னையே நகலெடுத்துப் பிள்ளைப் புராசஸை உண்டாக்கும் அழைப்பு). பைப் அழைப்பு இரண்டு டிஸ்கிரிப்டர்களை, அதாவது திறந்திருக்கும் முனைகளைக் குறிக்கும் எண்களை, நிரப்பித் தரும்: 0-ஆம் இடத்தில் படிக்கும் முனை, 1-ஆம் இடத்தில் எழுதும் முனை. ஃபோர்க் ஆனதும் தாயிடம் இரண்டு, பிள்ளையிடம் இரண்டு என நான்கு முனைகள் திறந்திருக்கும். தேவை இரண்டுதான். மீதி இரண்டையும் உடனே மூட வேண்டும்.

பிள்ளையின் பக்கம்: எழுதும் முனையை மூடு, படிக்கும் முனையை டூப்2 (டிஸ்கிரிப்டரை நகலெடுக்கும் அழைப்பு) மூலம் புரோகிராம் உள்ளீடு வாங்கும் 0-ஆம் டிஸ்கிரிப்டராக மாற்று, பழைய எண்ணை மூடு, பிறகு எக்ஸெக் (அதே புராசஸில் ‘சீட்டு’ புரோகிராமை ஏற்றுவது). தாயின் பக்கம்: படிக்கும் முனையை மூடு, இனி எழுது. (பைப் திறக்கும்போதே 0 காலியாக இருந்து, படிக்கும் முனைக்கே 0 என்ற எண் கிடைத்திருந்தால் டூப்2 எதுவும் செய்யாது, அடுத்து வரும் க்ளோஸ் உள்ளதையும் மூடிவிடும். பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் இது நடப்பதுண்டு. இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.)

பிள்ளை தன்னிடமுள்ள எழுதும் முனையை மூட மறந்தால், தாய் போன பிறகும் அதன் ரீட் அழைப்பு முடியாது. எழுதும் முனைகள் எல்லாம் மூடப்பட்ட பிறகுதான் ரீட் 0 திருப்பும். இங்கே கடைசி முனை பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. தானே எழுதுவோமோ என்று தனக்காகத் தானே காத்துக் கிடக்கும். இதையே இன்னொரு விதமாகவும் கிளப்பலாம்: பிற்பாடு ‘வாசிப்பு’ வேறொரு பிள்ளையைப் பெற்றால், அதுவும் எழுதும் முனையைச் சொத்தாக வாங்கிக்கொள்ளும். அதற்குத்தான் பைப்2 அழைப்பில் ஓ_கிளோஎக்ஸெக் கொடி. எக்ஸெக் நடந்ததும் முனை தானே மூடிக்கொள்ளும். டூப்2 செய்த நகலுக்கு அந்தக் கொடி ஒட்டாது என்பதால் வேண்டியது மட்டும் திறந்திருக்கும். இந்த அழைப்பு லினக்ஸ் 2.6.27 முதல் இருக்கிறது. பழைய பைப் அழைப்பைத் தொட இனிக் காரணமில்லை.

எதிர்ப்பக்கம் செத்தால்? படிக்க ஒருவரும் இல்லாத பைப்பில் எழுதினால் கெர்னல் அனுப்பும் 13-ஆம் சிக்னல், அதாவது சிக்பைப் என்ற அறிவிப்பு வரும். அதற்கு ஏற்பாடு எதுவும் செய்யாமல் விட்டால் ‘வாசிப்பு’ ஒரு எழுத்தும் சொல்லாமல் செத்துவிடும். ஷெல்லில் வெளியேறும் எண் 141 என்று காட்டும் (128-ம் 13-ம்). பிரிண்டர் புரோகிராம் விழுந்ததற்கு எடை வாசிப்பு ஏன் விழ வேண்டும்? தொடக்கத்திலேயே அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள். ரைட் அழைப்பு -1 தந்து பிழை எண் 32 வைக்கும். அதைப் பார்த்து வெயிட்பிட் அழைத்து, பிள்ளையைப் புதிதாகக் கிளப்புங்கள். வெயிட்பிட் அழைக்காவிட்டால் செத்த பிள்ளைகள் ஜாம்பியாகப் பட்டியலில் நிற்கும்.

எடை தாமதமாக வருகிறதா?

இது பைப்பின் குற்றம் அல்ல, சி மொழியில் எழுத்தை வெளியிடும் பிரிண்ட்எஃப்பின் பழக்கம். திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி அனுப்பும் சி லைப்ரரி, பைப்புக்கு எழுதும்போது சேர்த்து வைத்து அனுப்புகிறது; லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் பொதுவாக 4096 பைட் சேர்ந்த பிறகுதான். இன்டிகேட்டர் விநாடிக்கு 10 வரி, வரிக்கு 16 பைட் தருகிறது என்று கொள்ளுங்கள். 256 வரி சேர 25 விநாடிக்கு மேல் ஆகும். லாரி மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் சீட்டுக்கு எடை தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எஃப்ஃப்ளஷ் (சேர்ந்ததை உடனே அனுப்பு என்பது) போடுங்கள், அல்லது நேராக ரைட் அழைப்பையே பயன்படுத்துங்கள். ஃபோர்க்குக்கு முன்னால் பிரிண்ட்எஃப் செய்து வெளியேறாமல் தங்கியது பிள்ளைக்கும் நகலாகப் போய் இரண்டு தடவை அச்சாவதும் இதனால்தான்.

வரியும் எழுத்தும் நடுவில் வெட்டுப்படுவது

பைப்புக்கு வரி என்றால் என்னவென்றே தெரியாது. 16 பைட் எழுதியிருந்தாலும் ரீட் 7 பைட் மட்டும் தரலாம், அல்லது மூன்று வரிகளை ஒட்டித் தரலாம். வந்ததைச் சேர்த்து வைத்து, வரி முடிவுக் குறி வந்த பிறகே பிரித்தெடுக்க வேண்டும். பலபேர் ஒரே பைப்பில் எழுதினால், லினக்ஸில் 4096 பைட் வரையிலான ஒவ்வொரு ரைட்டும் கலக்காமல் போய்ச் சேரும். அதைத் தாண்டினால் ஒன்றுக்குள் ஒன்று புகலாம்.

நம் பக்கத்துச் சீட்டுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், மலையாளமும் அப்படியே. ‘தேங்காய்’ பார்வைக்கு நாலு எழுத்து. உள்ளே த, ஏகாரக் குறி, ங, புள்ளி, க, கால், ய, புள்ளி என எட்டுக் குறியீடு. மொத்தம் 24 பைட். சரக்குப் பெயருக்கு 20 பைட் போதும் என்று கட்டம் போட்டால் ‘தேங்கா’ வரை 18 பைட் சரியாக வரும், அடுத்த எழுத்தில் 2 பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு சீட்டில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் விழும். டிரைவர் அதைப் பிரிண்டர் கோளாறு என்பார். கட்டத்தைப் பெரிதாக்குவது தற்காலிகத் தீர்வுதான். நீளத்தை முதலில் அனுப்பி, அத்தனை பைட்டும் வந்து சேரும்வரை படிப்பதே சரி.

பேப்பர் தீர்ந்த ஏழு நிமிடம்

சீட்டு சாகவில்லை, நின்றிருக்கிறது. பேப்பர் மாற்ற ஆள் டீக்கடைக்குப் போயிருக்கிறார். பைப்பின் கொள்ளளவு லினக்ஸ் 2.6.11 முதல் 65,536 பைட். விநாடிக்கு 160 பைட் வந்தால் 409 விநாடியில், ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, நிரம்பிவிடும். அதன்பின் ரைட் அப்படியே தொங்கும். சீரியல் பக்கம் வருவது சேர்ந்து வழிந்து தொலையும். அதைவிட மோசம் அடுத்து வருவது: பேப்பர் போட்டதும் சீட்டு படிக்க ஆரம்பிப்பது ஏழு நிமிடத்துக்கு முந்தைய எடையை. மேடையில் நிற்பது கேஎல்-09 பதிவு எண் வண்டி, சீட்டில் விழுவது முன்னால் போன டிஎன்-41 வண்டியின் 25,480 கிலோ.

பைப்பை இங்கே தேர்ந்தெடுத்ததே பிழை. ‘இப்போது எடை எவ்வளவு’ என்பது ஒரு நிலை. பழையது யாருக்கும் வேண்டாம். ‘இந்த வண்டிக்கு இந்த எடை’ என்பது ஒரு நிகழ்வு. ஒன்றுகூடத் தவறக் கூடாது. நிகழ்வுக்கு வரிசை வேண்டும், நிலைக்குப் பலகை போதும். பல புராசஸ்கள் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெமரிதான் அந்தப் பலகை.

ஷேர்டு மெமரி: எடைப் பலகை

‘வாசிப்பு’ செய்ய வேண்டியது: சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயருடன் எஸ்எச்எம்_ஓபன், 0660 அனுமதி (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் படிக்க, எழுத), எஃப்டிரன்கேட் மூலம் தேவையான அளவு, அந்த மெமரியைத் தன் முகவரிகளோடு இணைக்கும் எம்மேப், மேப்_ஷேர்டு கொடியுடன். மேப் ஆனதும் டிஸ்கிரிப்டரை மூடலாம், மெமரி போகாது. படிப்பவர்கள் படிக்க மட்டும் திறந்து, படிக்க மட்டும் மேப் செய்யட்டும். தவறி எழுதினால் அங்கேயே விழுவார்கள், அது நல்லதுதான்.

எஃப்டிரன்கேட் மறந்தால் அளவு 0. மேப் ஆகும், தொட்டதும் ‘பஸ் எரர்’ வரும். மறக்காதவர்களுக்கும் இது வரும்: ‘வாசிப்பு’ திறந்து அளவு வைப்பதற்குள் ‘சீட்டு’ முந்திக்கொண்டால் அதே பிழை. எஃப்ஸ்டாட் செய்து அளவு சரியாக இருந்தால் மட்டும் மேப் செய்யுங்கள். மேப்_ஷேர்டுக்குப் பதில் மேப்_பிரைவேட் போட்டால் பிழையே வராது, எழுதியது மட்டும் அடுத்தவருக்குத் தெரியாது. உள்ளே பாயின்டர் (மெமரி முகவரி) வைக்காதீர்கள். ஒரே மெமரி ஒவ்வொரு புராசஸிலும் வேறு முகவரியில் உட்காரலாம். ஜிலிப்சி 2.34-க்கு முந்தைய கணினியில் லிங்க் செய்யும்போது ஆர்டி லைப்ரரியையும் சேர்க்க வேண்டும்.

பலகையில் எடை மட்டும் எழுதாமல் நேரத்தையும் எழுதுங்கள், மோனோடானிக் கடிகாரத்தில். அது கணினி முழுக்க ஒன்றே. யாராவது தேதியை மாற்றினாலும் குதிக்காது. படிப்பவர் பார்த்து, ஒரு விநாடிக்கு மேல் பழையதென்றால் சீட்டு அடிக்க மறுக்கட்டும். ‘வாசிப்பு’ செத்துப்போனால் பலகையில் கடைசி எடை அழியாமல் அப்படியே நிற்கும் என்பதால், இந்த நேரக் குறிதான் ஒரே காவல்.

எடையை எழுதி நேரத்தை எழுதுவதற்கு இடையில் ஒருவர் படித்தால் புது எடையும் பழைய நேரமும் கலந்து வரும். எழுதுபவர் ஒருவர் மட்டும் என்பதால் பூட்டு தேவையில்லை. ஒரு எண்ணி போதும்: எழுதத் தொடங்குமுன் ஒன்று கூட்டு, ஒற்றைப்படை ஆகும், முடித்ததும் ஒன்று கூட்டு, இரட்டைப்படை. படிப்பவர் முன்னும் பின்னும் எண்ணியைப் பார்த்து, இரண்டும் ஒன்றாகவும் இரட்டைப்படையாகவும் இருந்தால் ஏற்கட்டும், இல்லையென்றால் மறுபடி படிக்கட்டும். சாதாரண இன்ட் போட்டால் கம்பைலரும் பிராசஸரும் வரிசையை மாற்றிவிடும். சி11 என்ற சி மொழிப் பதிப்பின் அட்டாமிக் வகையும், வரிசையைக் காக்கும் ஃபென்ஸும் வேண்டும். எண்ணி ஒற்றைப்படையில் இருக்கும்போது எழுதுபவர் செத்தால் படிப்பவர் முடிவில்லாமல் சுற்றுவார். நூறு தடவை பார்த்துவிட்டுக் கைவிடச் சொல்லுங்கள்.

பூட்டோடு செத்துப்போனால்

உள்ளே வரும் பக்கம் ஒரு கவுன்டர், வெளியே போகும் பக்கம் ஒரு கவுன்டர், இரண்டுக்கும் சீட்டு எண் ஒரே வரிசை என்றால் எழுதுபவர் இருவர். இங்கே பூட்டு வேண்டும். எல்லோரும் செமஃபோர் என்ற எண்ணியைத்தான் சொல்வார்கள்: ஆரம்ப மதிப்பு 1, செம்_வெயிட்டில் அதை எடு, வேலை, செம்_போஸ்ட்டில் திருப்பி வை. நடுவில் புராசஸ் செத்தால் அந்த 1 திரும்பி வராது. அடுத்தவர் செம்_வெயிட்டில் நின்றுகொண்டே இருப்பார், புரோகிராமைத் திரும்பக் கிளப்பினாலும் அதே கதை.

ஷேர்டு மெமரியில் ரோபஸ்ட் வகை மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு) வைத்தால், முந்தையவர் பூட்டோடு செத்ததை 130 என்ற எண் சொல்லும். தரவைச் சரிபார்த்து ‘கன்சிஸ்டென்ட்’ அழைப்பைச் செய்துவிட்டுத் தொடரலாம். அதைச் செய்யாமல் பூட்டைத் திறந்தால் மியூடெக்ஸ் நிரந்தரமாகக் கெட்டுவிடும். உண்மையில் சீட்டு எண்ணுக்கு இவ்வளவு தேவையில்லை. எண்ணை ஒரு ஃபைலில் வைத்து எஃப்லாக் என்ற ஃபைல் பூட்டைப் போட்டால், புராசஸ் செத்து ஃபைல் மூடியதும் கெர்னலே பூட்டைக் கழற்றும். கரன்ட் போய் வந்தாலும் எண் டிஸ்கில் இருக்கும், எஃப்சிங்க் (டிஸ்கில் உடனே எழுது என்பது) செய்திருந்தால்.

மெசேஜ் கியூ: கணக்குக்குப் போகும் வரிசை

சீட்டு அடித்து முடித்த நிகழ்வைக் ‘கணக்கு’க்கு அனுப்பப் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொதுத் தரம்) கியூ பொருத்தம். ஒரு செய்தி ஒரு செய்தியாகவே வரும், பாதியில் வெட்டுப்படாது. ‘கணக்கு’ விழுந்து எழுந்தாலும் அனுப்பியவை கெர்னலில் காத்திருக்கும்.

இயல்பு அளவு சிறியது: கியூவுக்கு 10 செய்தி, செய்திக்கு 8192 பைட். 11-ஆவதை அனுப்பினால் எம்கியூ_சென்ட் நிற்கும். ‘கணக்கு’ தூங்கிவிட்டால் 11-ஆவது வண்டியோடு கவுன்டரும் உறையும், பின்னால் சாலை வரை லாரி நிற்கும். கெர்னல் தன் அமைப்புகளைக் காட்டும் ப்ராக் கோப்புறையின் எம்கியூ அமைப்பில் 10-ஐக் கூட்டலாம். ஆனால் எம்கியூ_டைம்ட்சென்ட் போட்டு, முடியாவிட்டால் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு நகர்வது நல்லது. அந்த அழைப்பு ‘எத்தனை விநாடி’ என்று கேட்பதில்லை, ‘எத்தனை மணி வரை’ என்று கேட்கிறது. 2 என்று கொடுத்தால் அது 1970-ஆம் ஆண்டின் இரண்டாவது விநாடி. கியூ நிரம்பியிருந்தால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். இப்போதைய நேரத்தை எடுத்து அதோடு 2 கூட்ட வேண்டும்.

வாங்கும் பக்கம் பஃபர் (செய்தியை இறக்கி வைக்கும் மெமரி), கியூவுக்கு வைத்த அதிகபட்ச அளவுக்குக் குறையக் கூடாது. செய்தி 40 பைட்தானே என்று 64 கொடுத்தால் பிழை எண் 90. கியூ மெமரியில்தான் இருக்கிறது, கரன்ட் போனால் போயிற்று. யுபிஎஸ்ஸை நம்பாமல் சீட்டு விவரத்தை முதலில் டிஸ்கில் எழுதிவிட்டுப் பிறகு கியூவில் போடுங்கள்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்க யூனிக்ஸ் சாக்கெட்

‘இந்த வண்டியின் காலி எடை ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா?’ என்று கவுன்டர் கேட்க, ‘9,120 கிலோ’ என்று ‘கணக்கு’ பதில் தர வேண்டும். இருபுறமும் பேச்சு, பல கவுன்டர். இதற்கு யூனிக்ஸ் சாக்கெட், அதாவது ஒரே கணினிக்குள் இருவழியாகப் பேசும் இணைப்பு. சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் என்ற வழக்கமான வரிசைதான். முகவரி மட்டும் ஃபைல் பாதை. அதன் இடம் லினக்ஸில் 108 பைட். தமிழில் கோப்புறைப் பெயர் வைத்தால் எழுத்துக்கு மூன்று, ஆறு பைட் என்று சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடிக்கடி வருவது பிழை எண் 98. ‘கணக்கு’ செத்தாலும் சாக்கெட் ஃபைல் அங்கேயே இருக்கும், பைண்ட் மறுக்கும். பைண்ட் செய்யுமுன் அன்லிங்க் (ஃபைலை அழிப்பது) செய்யுங்கள். ஆனால் ஏற்கெனவே ஒரு ‘கணக்கு’ உயிரோடு ஓடும்போது அன்லிங்க் செய்தால் இரண்டு ‘கணக்கு’ ஓடும், பழையதிடம் இனி யாரும் வர மாட்டார்கள். அதனால் தனி ஃபைலில் எஃப்லாக் போட்டு, பூட்டுக் கிடைத்தால் மட்டும் அன்லிங்க். ரூட்டின் கீழுள்ள ரன் கோப்புறையில் ஃபைலை வைத்தால் ரீபூட்டில் தானே துடைத்துக்கொள்ளும். சாக்கெட்டோடு இணைவதற்கு அந்த ஃபைலில் எழுதும் அனுமதி தேவை, புது ஃபைல்களின் அனுமதியை வெட்டும் யூமாஸ்க் அதைக் குறைத்துவிடும். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

சாக்_சீக்பேக்கெட் வகையைத் தேர்ந்தால் செய்தி எல்லை காக்கப்படும், எதிர்முனை செத்தால் உடனே தெரியும். எஸ்ஓ_பீர்கிரெட் மூலம் இணைந்தவரின் பிராசஸ் எண்ணும் பயனர் எண்ணும் கெர்னலே சொல்லும். அதைப் போலியாக்க முடியாது. எதை எடுப்பது என்று குழம்பினால் இதையே எடுங்கள். பின்னாளில் பாலக்காட்டு அலுவலகத்துக் கணினிக்கு மாற்ற வேண்டி வந்தாலும் முகவரிப் பகுதியும் செய்தி பிரிக்கும் பகுதியும் இணைந்தவரை அடையாளம் காணும் பகுதியும்தான் மாறும்.

பெயருள்ள பைப் (ஃபைலாகத் தெரியும் பைப்) பற்றிச் சில வரி: எழுத மட்டும் திறந்தால் படிப்பவர் வரும்வரை ஓபன் அழைப்பே நிற்கும், நான்பிளாக் (காத்திருக்காதே என்ற கொடி) போட்டால் பிழை எண் 6. எழுதுபவர் ஒவ்வொரு தடவை மூடும்போதும் படிப்பவருக்கு முடிவு வந்து, தரவு வந்ததா என்று பார்க்கும் ‘போல்’ அழைப்பு ஓயாமல் எழுப்பி சிபியு 100 சதவீதத்தில் சுற்றும். படிப்பவரே ஒரு எழுதும் முனையைத் திறந்து வைத்துக்கொண்டால் நிற்கும்.

இதே வேலைகளுக்கான பழைய சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் அழைப்புகள் கல்லூரி லேப்களில் இன்னும் ஓடுகின்றன. புதிதாக எழுத வேண்டாம். ஏற்கெனவே ஓடுவதைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: எஃப்டோக் தரும் சாவி (பொது மெமரியைக் கண்டுபிடிக்கும் எண்), ஃபைலின் ஐநோடு எண்ணிலிருந்து (டிஸ்கில் ஃபைலின் அடையாள எண்) வருகிறது. ஃபைலை அழித்துப் புதிதாக வைத்தால் சாவி மாறக்கூடும், ஒருவர் பழைய மெமரியிலும் ஒருவர் புதியதிலும் எழுதிக்கொண்டிருப்பார்கள். செய்தியின் வகை எண் 0 என்றால் அனுப்ப விடாது. ஐபிசிஎஸ் கட்டளை மிச்சங்களைக் காட்டும், ஐபிசிஆர்எம் அழிக்கும். ‘இணைந்தவர் எண்ணிக்கை’ 0 இல்லாததை அழிக்குமுன் யார் என்று பாருங்கள்.

எல்லாம் நின்றுபோயிருந்தால்

ரீபூட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். புராசஸ் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸை மைனஸ் எஃப், மைனஸ் பி, பிராசஸ் எண் என்று ஒட்டுங்கள். கடைசி வரி எந்த அழைப்பில் நிற்கிறது என்று சொல்லும். ரைட்டில் நின்றால் எதிர்ப்பக்கம் படிக்கவில்லை. ரீட்டில் நின்றால் எதிர்ப்பக்கம் எழுதவில்லை, அல்லது அது போன பிறகும் யாரோ எழுதும் முனையை மூடவில்லை. ஃபியூடெக்ஸில் நின்றால் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. டிஸ்கிரிப்டர் எண் 5 என்று காட்டினால், ப்ராக் கோப்புறையில் அந்தப் பிராசஸின் எஃப்டி அடைவில் 5 எங்கே சுட்டுகிறது என்று பாருங்கள். பைப் என்றால் கூடவே ஒரு எண் இருக்கும். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் வெளியீட்டில் அதே எண்ணைத் தேடினால் மறுமுனையைப் பிடித்திருப்பது யார் என்று பெயரோடு வரும். பிழை எண் 4 வந்தால் கோளாறு இல்லை, நடுவில் ஒரு சிக்னல் தட்டியிருக்கிறது. அழைப்பை மறுபடி செய்தால் போதும். போசிக்ஸ் மிச்சங்கள் டெவ் கோப்புறைக்குள் எஸ்எச்எம், எம்கியூ என்ற இரண்டு இடத்தில் சாதாரண ஃபைல்களாகத் தெரியும். கியூ ஃபைலை கேட் செய்தால் கியூசைஸ் என்ற இடத்தில் எத்தனை பைட் தேங்கியிருக்கிறது என்று காட்டும். லாரிகள் நகர்ந்தும் அந்த எண் இறங்கவில்லை என்றால் ‘கணக்கு’ப் பக்கம் போய்ப் பாருங்கள்.